அட்டையைப் பார்த்தவள்

கதவு பூட்டியிருந்தது. மகளின் பாடம் முடிய இன்னும் பத்து நிமிடம் இருந்தது. டெல்ஃபினா ஒசூனா கைப்பிடியைத் திருகிப் பார்த்தாள். திரும்பவில்லை. தட்டினாள். உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகும் கதவு உடனே திறக்கவில்லை. பாலைவனத்து ஊரான டாலசனின் ஆகஸ்ட் வெயில் நூற்றுப் பதிமூன்று டிகிரியில் முதுகைப் பொசுக்கிக்கொண்டிருந்தது. அந்த வெயிலில் ஒருத்தியை நிற்கவைத்துவிட்டு உள்ளே என்ன பண்ணுகிறார் இந்த மனிதர் என்று முதன்முதலாக அவளுக்குத் தோன்றியது.

கதவு திறந்தது. வெஸ்லி கார்மடி வழக்கம்போல மெதுவாகச் சிரித்தார். ஐம்பதை நெருங்கும் வயது, இஸ்திரி போட்ட சட்டை, புதினா மிட்டாய் வாசனை. கழுத்தில் நீல நாடா, அதில் தொங்கும் அட்டை. பிள்ளைகளுக்கு அவர் மிஸ்டர் வெஸ்.

"மன்னிக்கணும் மிசஸ் ஒசூனா. ஏசி காத்தெல்லாம் வெளிய போயிடுது. அதான் பூட்டி வைக்கறேன்."

"பரவால்ல, பரவால்ல. நான்தான் சீக்கிரம் வந்துட்டேன்" என்றாள் டெல்ஃபினா. அவளுக்கு உடம்பில் பாதி மரியாதை, மீதி சந்தேகம். ஆள் எதிரில் நிற்கும்போது மரியாதைதான் முந்திக்கொள்ளும்.

வண்டியில் ஏறி, சுட்ட ஸ்டியரிங்கைத் துண்டால் பிடித்துக்கொண்டு, சாலைக்கு வந்த பிறகுதான் சந்தேகத்துக்கு வாய் திறந்தது. காற்று போகாமலிருக்கக் கதவைச் சாத்தினால் போதுமே. எதற்குப் பூட்டு?

"அம்மா, இனிமே சீக்கிரம் வராதே" என்றாள் பக்கத்தில் இருந்த இட்ஸெல், ஜன்னலைப் பார்த்தபடி.

"ஏன் கண்ணு?"

"அம்மா அப்பா சீக்கிரம் வந்தா பாடத்தோட ஓட்டம் கெட்டுப் போகுதாம்."

"யாரு சொன்னது?"

"அவர்தான்."

சிவப்பு விளக்கு பச்சையாகி, பின்னால் ஒருவன் ஒலிப்பானை அமுக்கும் வரை டெல்ஃபினா வண்டியை எடுக்கவில்லை.

இட்ஸெலுக்குப் பதினோரு வயது. நாலாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் கடைசி மேசையில் உட்கார்ந்து வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். எழுத்துகள் அவளுக்கு இடம் மாறித் தெரிந்தன. டீச்சர்கள் வருஷத்துக்கு ஒரு படிவம் நிரப்பி, வருஷத்துக்கு ஒரு கூட்டம் போட்டு, நல்ல பிள்ளை என்று சான்றிதழ் கொடுத்து மேல் வகுப்புக்குத் தள்ளிவிட்டார்கள். வயிற்றெரிச்சல் என்னவென்றால், டெல்ஃபினா அதே பள்ளி மாவட்டத்தின் பணியாளர் பிரிவில், வேலைக்கு வருகிறவர்களின் கைரேகையையும் பழைய வழக்குகளையும் சோதிக்கும் வேலையில்தான் எட்டு வருடம் இருந்தாள். கடைசியில் ஒரு நாள் ராஜினாமாவை எழுதி வைத்துவிட்டு, மகளையும் கையோடு கூட்டி வந்துவிட்டாள். மாநிலத்தில் திட்டம் ஒன்று இருந்தது. பள்ளிக்குப் போக வேண்டிய பணத்தைப் பெற்றோர் கணக்கிலேயே போட்டுவிடுவார்கள். யாரிடம் படிக்கவைப்பது என்பது பெற்றோர் பாடு. திட்டத்தின் வலைத்தளத்தில் ஆசிரியர்கள் வரிசையாக இருப்பார்கள். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் ஒரு பச்சைக் குறி.

வெஸ்லி பெயருக்குப் பக்கத்திலும் பச்சைக் குறி இருந்தது. சும்மா சொல்லக்கூடாது, மனிதர் கெட்டிக்காரர். ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. மெக்டவல் சாலை டாக்கோ கடையில் சுவரில் எழுதியிருந்த பட்டியலை இட்ஸெல் தானாக, சத்தமாக, மேலிருந்து கீழ்வரை படித்தாள். மாட்டு நாக்கு, பன்றித் தோள், வறுத்த மீன், செம்பருத்திச் சாறு. அவள் அப்பா ரொஹேலியோ கைகழுவப் போவதுபோல எழுந்து போய் அழுதுவிட்டு வந்தான். அன்றைக்கு டெல்ஃபினா மனசுக்குள் அந்த வாத்தியாருக்குக் கோயில் கட்டாத குறைதான்.

சிக்கலே அதுதான். வாயைத் திறந்து ஒன்று கேட்டுவிட்டு, கடைசியில் அது வெறும் பூட்டாக மட்டும் இருந்துவிட்டால், இந்த மாதிரி ஒருவர் மறுபடி எங்கே கிடைப்பார்? வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டு, அது வெறும் பூட்டாக இல்லாமல் போனால்?

சாயங்காலம் ரொஹேலியோ நாலு வீட்டு மாடியில் ஏசி பழுது பார்த்துவிட்டு, உப்புப் பூத்த சட்டையோடு வந்தான். அவள் விஷயத்தைச் சொன்னாள்.

"பூட்டுனா என்னடி? எட்டு வருஷம் ஊர்ல இருக்கறவன் கைரேகையெல்லாம் பாத்துப் பாத்து உனக்குக் கண்ணே அப்படி ஆயிடுச்சு. பாதிரியார் வந்தாலும் விரலை நீட்டுன்னுவே."

"ஜன்னல்ல வெள்ளித்தாள் ஒட்டியிருக்கார். உள்ள எதுவும் தெரியல."

"நம்ம படுக்கையறை ஜன்னல்ல என்ன ஒட்டியிருக்கு?"

அங்கேயும் வெள்ளித்தாள்தான். கோடையில் பாதி ஊர் அப்படித்தான் வெயிலைத் திருப்பி அனுப்பும். முதலில் வெஸ்லி நூலகத்தில்தான் பாடம் நடத்தினார், கண்ணாடி அறையில், நாலு பக்கமும் ஆட்கள் நடமாட. ஜூன் மாதம் நூலகத்தில் தரையை மாற்றுகிறார்கள் என்று மூடியதும், வரிக் கணக்கு எழுதும் கடைக்கும் நகச் சாயம் பூசும் கடைக்கும் நடுவே இந்த அறையைப் பிடித்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. எல்லாக் காரணமும் நியாயமாகவும் இருந்தது. அதுதான் டெல்ஃபினாவுக்கு உறுத்தியது.

மறுநாள் புதன்கிழமை. காலை எட்டு மணிக்கே திட்ட அலுவலகத்துக்குப் போன் போட்டாள். நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்ட பிறகு ஒரு பையன் குரல் வந்தது.

"சொல்லுங்க மேடம்."

"உங்க லிஸ்ட்ல இருக்கற ஒரு வாத்தியார் பத்திக் கேக்கணும். பேருக்குப் பக்கத்துல பச்சை டிக் இருக்கு. அவரைப் பத்தி என்னென்ன விசாரிச்சீங்க?"

"டிக் இருந்தா அங்கீகாரம் உண்டுன்னு அர்த்தம் மேடம்."

"அது தெரியுது தம்பி. எதை வெச்சு அங்கீகாரம்?"

"படிப்புச் சான்றிதழ் குடுத்திருப்பாரு. வரிப் படிவம் குடுத்திருப்பாரு."

"கைரேகை?"

"அது பள்ளிக்கூடத்துல வேலை பாக்கறவங்களுக்கு மேடம். இவங்க தனியார். நாங்க கேக்கறதில்ல."

"போலீஸ் விசாரணை, பழைய வழக்கு, எதுவும்?"

"பணம் அவங்களுக்குப் போய்ச் சேரலாம்ங்கறதுக்குத்தான் மேடம் அந்த டிக். ஆளைத் தேர்ந்தெடுக்கறது பெற்றோரோட உரிமை. அதுல நாங்க தலையிட மாட்டோம்." அந்த 'உரிமை'யைப் பையன் ஒரு பரிசுப்பொருளை நீட்டுவதுபோலச் சொன்னான்.

டெல்ஃபினா போனை வைத்துவிட்டு அடுப்படியில் நின்றாள். பள்ளிச் சமையல்கூடத்தில் பீன்ஸ் கிண்டுகிற அம்மாளின் கைரேகையைக்கூட விடாமல் பார்த்தவள் அவள். தன் பிள்ளையைப் பூட்டிய அறையில் உட்காரவைத்தவரைப் பற்றி யாரும் எதுவும் பார்க்கவில்லை என்று ஒரு பொடியன் சொல்லித் தெரிந்துகொள்கிறாள். அவளுக்கு அவமானமாக இருந்தது.

ஆனாலும் யாராவது ஒருத்தி விசாரித்திருப்பாள். வீட்டிலேயே படிக்கவைக்கும் அம்மாக்கள் அறுபது பேர் சேர்ந்து போனில் ஒரு குழு வைத்திருந்தார்கள். பல் டாக்டரிலிருந்து பியானோ டீச்சர் வரை அதில் கேட்காமல் யாரும் யாரிடமும் போகமாட்டார்கள். டெல்ஃபினா வெஸ்லியிடம் போனதே ருத்தான் ஷம்வேயைப் பார்த்துத்தான். ருத்தானுக்கு ஆறு பிள்ளைகள். காப்பி கூடக் குடிக்காத, வாரம் தவறாமல் சபைக்குப் போகும் குடும்பம். ஐந்தாவது பையன் ஹைரம், ஒன்பது வயது, அவனும் வெஸ்லியிடம்தான் படிக்கிறான். ருத்தான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்கிறவள். அவள் பார்க்காமல் விட்டிருக்க மாட்டாள்.

"ருத்தான், ஒரு சின்ன விஷயம். மிஸ்டர் வெஸ்ஸை நீங்க சேக்கறதுக்கு முன்னாடி யார்கிட்ட விசாரிச்சீங்க?"

"ஏன் டெல்ஃபினா, ஏதாவது ஆச்சா?"

"ஒண்ணும் ஆகல. சும்மாதான்."

"ஒரு நாள் சோதனைப் பாடம் அனுப்பினேன். எனக்கு அப்ப அவ்வளவு திருப்தியில்ல, உண்மையைச் சொல்லணும்னா. ரொம்ப இனிக்க இனிக்கப் பேசினார். அப்புறம் யெசேனியா சொன்னா, பயப்படாதீங்க, நல்லா விசாரிச்ச ஆளுதான்னு. அதான் சேத்தேன்."

சரி, யெசேனியா. டெல்ஃபினாவின் கொமாத்ரே. இட்ஸெலுக்கு ஞானஸ்நானத்தில் தாயாக நின்றவள். வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுகிறவள்.

"கொமாத்ரே, மிஸ்டர் வெஸ் விசாரிச்ச ஆளுன்னு ருத்தான்கிட்டச் சொன்னியாமே. எங்க விசாரிச்சே?"

மறுமுனையில் மாவு தட்டும் சத்தம் நின்றது.

"என்னடி கிண்டலா?"

"கிண்டல் இல்ல. சொல்லு."

"நீதானடி விசாரிச்சே! நீதானே குரூப்ல எழுதினே!"

"நான் என்ன எழுதினேன்?"

"மேல போய்ப் பாரு. 'அவர்கிட்ட கைரேகை அட்டை இருக்கு, நான் பாத்தேன்'னு. எட்டு வருஷம் அந்த வேலையிலேயே இருந்தவ சொல்றா, அதுக்கு மேல என்ன வேணும்? எல்லாரும் லைக்னு கட்டைவிரல் போட்டோமே. உன்னை நம்பித்தான் நான் சொன்னேன், என்னை நம்பித்தான் ருத்தான் சேத்தா."

"நான் ருத்தானைப் பாத்துத்தான் யெசேனியா போனேன்."

"அய்யோ மாதாவே" என்றாள் யெசேனியா.

டெல்ஃபினா குழுவின் பழைய செய்திகளை மேலே மேலே தள்ளினாள். போன வருஷம் நவம்பர். அவள் எழுதியதுதான். 'ருத்தான் பையன் போகிற வாத்தியார். கைரேகை அட்டை இருக்கிறது, பார்த்தேன்.' கீழே பதினாலு கட்டைவிரல். அப்போது ஹைரம் போயிருந்தது ஒரே ஒரு சோதனைப் பாடத்துக்குத்தான். ஆக, அவள் சாய்ந்தது ருத்தான்மேல். ருத்தான் சாய்ந்தது யெசேனியாமேல். யெசேனியா சாய்ந்தது அவள்மேல். அத்தனை பேரும் ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார்கள்.

பார்த்தேன் என்று எழுதினாளே, என்ன பார்த்தாள்? அது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. நூலக வாசலில், முதல் நாள். வெஸ்லி கழுத்து நாடாவை விரலால் தூக்கிக் காட்டினார். படம், பெயர், முடிவுத் தேதி. தேதி இன்னும் ஐந்து வருஷம் தள்ளி. டெல்ஃபினா தலையாட்டினாள். அவ்வளவுதான் பார்த்தாள்.

புதிதாக வேலைக்குச் சேரும் பெண்களுக்கு அவளே எத்தனை முறை சொல்லிக்கொடுத்திருக்கிறாள். பழைய வழக்கு இல்லைன்னு கைரேகையை வெச்சுப் போலீஸ் குடுக்கற அட்டைதான், ஆனா அட்டையைப் பார்த்து ஏமாறாதீங்கடி. ஒருத்தனைப் போலீஸ் பிடிச்சா, அட்டையை முடக்குவாங்க. ஆனா பிளாஸ்டிக் அவன்கிட்டயேதான் இருக்கும், தேதியும் அழியாது. அட்டை எண்ணை வாங்கு, மாநிலப் போலீஸ் வலைப்பக்கத்துல அடிச்சுப் பாரு. ஒரு நிமிஷ வேலை. எட்டு வருடத்தில் அந்த ஒரு நிமிஷத்தை அவள் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. சொந்த மகள் விஷயத்தில், பிள்ளைக்குப் படிப்புச் சொல்லித்தர வந்த மனிதரிடம் போய் எண்ணைக் கேட்டால் என்ன நினைப்பாரோ என்று கூச்சப்பட்டு விட்டுவிட்டாள்.

வியாழக்கிழமை நாலு மணி. இட்ஸெலை வண்டியில் ஏசியோடு உட்காரவைத்துவிட்டு, டெல்ஃபினா அந்தக் கதவைத் தட்டினாள். பூட்டு திறக்கும் சத்தம் கேட்டது. உள்ளே மேசையில் ஹைரம் உட்கார்ந்திருந்தான், காதில் பெரிய ஹெட்போன். அவன் நாற்காலியை ஒட்டியே இன்னொரு நாற்காலி.

"மிசஸ் ஒசூனா! இட்ஸெலுக்கு முந்தாநாள்தானே பாடம் முடிஞ்சுது?"

"ஒரு படிவம் நிரப்பணும் மிஸ்டர் வெஸ். உங்க கைரேகை அட்டையை ஒரு தரம் பாக்கலாமா?"

சிரிப்பு மாறவில்லை. கண் மட்டும் ஒரு விநாடி அவளை விட்டு நகர்ந்து வண்டி நிற்குமிடத்துக்குப் போய் வந்தது.

"நீங்கதான் முன்னாடியே பாத்துட்டீங்களே."

"வயசாகுது. மறந்து போயிடுது."

அவர் நாடாவைத் தூக்கிக் காட்டினார். போன வருஷம் போலவே படத்தின்மேல் கட்டைவிரலை வைத்துக் காட்டினார். போன வருஷம் அவள் விரலைக் கவனிக்கவில்லை. இப்போது கவனித்தாள். விரலின் நுனி எண்ணின் பாதியை மறைத்திருந்தது.

"கொஞ்சம் குடுங்க, கண்ணாடி போடாம வந்துட்டேன்" என்று அட்டையைத் தன் பக்கம் இழுத்துத் திருப்பினாள். நாடா அவர் கழுத்தை லேசாக முன்னால் இழுத்தது. ஒரே பார்வைதான் பார்த்தாள். எண்கள் அவளுக்கு ஒரு முறை பார்த்தால் போதும். அந்தப் பழக்கம் மட்டும் அலுவலகத்திலிருந்து அவளோடு வீட்டுக்கு வந்திருந்தது.

"ரொம்ப நன்றி மிஸ்டர் வெஸ்."

"எப்ப வேணும்னாலும்" என்றார். கதவு மூடியது. பூட்டு விழுந்தது.

வண்டியில் ஏறி, போனை எடுத்து, போலீஸ் பக்கத்தைத் திறந்தாள். எண்ணை அடித்தாள். அவசரத்தில் ஒரு முறை தப்பாகிப் போனது. மறுபடி அடித்தாள். அவளுக்கு அத்துப்படியான பக்கம்தான், எட்டு வருடம் தினமும் பார்த்த அதே நீலக் கட்டம். பெயர், கார்மடி வெஸ்லி. நிலை, முடக்கப்பட்டது. தேதி, அவள் நூலக வாசலில் தலையாட்டியதற்கு ஆறு மாதம் முந்தியது.

எதற்காக முடக்கினார்கள் என்று அந்தப் பக்கம் சொல்லாது. சொன்னதே இல்லை. அவள் திட்டத்தின் வலைத்தளத்தையும் திறந்து பார்த்தாள். அங்கே அவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சைக் குறி அப்படியே பளிச்சென்று இருந்தது.

"அம்மா, என்னாச்சு? ஏன் இப்படிப் பாக்கறே?"

"இங்கேயே இரு. கதவைப் பூட்டிக்கோ" என்று சொல்லிவிட்டு டெல்ஃபினா இறங்கினாள். தான் சொன்ன வார்த்தை தனக்கே சுருக்கென்றது.

இந்த முறை கதவை விரலால் தட்டவில்லை, உள்ளங்கையால் அறைந்தாள். நகக் கடையிலிருந்து இரண்டு பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். அறைந்துகொண்டே ருத்தானுக்குப் போன் போட்டு, ஒலிபெருக்கியில் வைத்தாள்.

"ருத்தான், கேள்வி கேக்காதீங்க. ஹைரம்கிட்ட என்கூட வரச் சொல்லுங்க. இப்பவே."

"டெல்ஃபினா?"

"அவர் அட்டையை முடக்கியிருக்காங்க. எண்ணைப் போட்டுப் பாத்துட்டேன்."

கதவு திறந்தது. ருத்தானின் குரல் போனிலிருந்து அறைக்குள் போனது. ஆறு பிள்ளைகளை அதட்டி வளர்த்த குரல் அது. "ஹைரம், பையை எடு. டெல்ஃபினா கூடப் போ. இப்பவே."

பையன் ஹெட்போனைக் கழற்றிவிட்டு வாத்தியாரைப் பார்த்தான். பிறகு பையை எடுத்துக்கொண்டு டெல்ஃபினாவின் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றான்.

"இது அநியாயம்" என்றார் வெஸ்லி. குரல் இன்னும் மெதுவாகத்தான் இருந்தது. "அது என் பழைய மனைவி கிளப்பின விவகாரம். கோர்ட்ல இருக்கு. எதுவும் நிரூபிக்கல. இங்க நான் என்ன தப்புப் பண்ணேன், சொல்லுங்க? உங்க பொண்ணுக்கு எழுத்துக் கூட்டத் தெரியுமா, நான் வர்றதுக்கு முன்னாடி?"

அது அவளைத் தொட்டது. தொடாமல் இருக்குமா?

"அதோட, இந்த வேலைக்கு அந்த அட்டையே தேவையில்ல மிசஸ் ஒசூனா. சட்டப்படி தேவையில்ல. அலுவலகத்துல கேட்டுப் பாருங்க."

"கேட்டேன். தேவையில்லைன்னுதான் சொன்னாங்க."

"அப்புறம் என்ன?"

"தேவையில்லாத அட்டையை ஏன் மிஸ்டர் வெஸ் கழுத்துல மாட்டிக்கிட்டிருக்கீங்க?"

அவர் கை தானாக நாடாவுக்குப் போனது. நகக் கடைப் பெண்களும் பதிலுக்காகக் காத்திருந்ததுபோல நின்றார்கள். டெல்ஃபினா ஹைரமின் தோளைப் பிடித்துக்கொண்டு வண்டிக்கு நடந்தாள். பின்னால் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பூட்டும் சத்தம் மட்டும் கேட்கவில்லை.

ஹைரமை அவன் வீட்டில் விட்டாள். ருத்தான் வாசலிலேயே நின்றிருந்தாள். மகனை இழுத்து அணைத்தவள் அவன் தலைக்கு மேலாக டெல்ஃபினாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் நன்றியும் இருந்தது, நீ பார்த்ததாகத்தானே சொன்னாய் என்ற கேள்வியும் இருந்தது. டெல்ஃபினா கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

திரும்பி வரும் வழியில் பருத்திக் காட்டு ஓரமாக வண்டியை நிறுத்தினாள். கேட்டுவிட வேண்டும். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தால் தைரியம் போய்விடும்.

"இட்ஸெல். அம்மா ஒண்ணு கேக்கறேன். உன்மேல கோவமே கிடையாது, என்ன சொன்னாலும். அந்த ரூம்ல உனக்குப் பிடிக்காதது ஏதாவது நடந்துதா?"

இட்ஸெல் சீட் பெல்ட்டை இழுத்து இழுத்து விட்டாள்.

"நாற்காலியை ரொம்பப் பக்கத்துல போடுவாரு. நான் நகத்திக்கிட்டா, அவரும் நகத்துவாரு."

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல. சத்தியமா. கதவைப் பூட்டறது பிடிக்கல. பூட்டாதீங்கன்னு ஒரு நாள் சொன்னேன்."

"சொன்னியா? என்ன சொன்னாரு?"

"சிரிச்சாரு. 'உங்கம்மா யாருன்னு தெரியும்ல? ஊருக்கெல்லாம் ஆளைச் சோதிக்கறவங்க. அவங்களே என் அட்டையைப் பாத்து சரின்னு சொன்னவங்க. அவங்களுக்குத் தெரியாததா உனக்குத் தெரியப்போகுது?'ன்னு கேட்டாரு." குழந்தை அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பார்வையை விலக்கிக்கொண்டாள். "அதான் நான் உன்கிட்டச் சொல்லல. உனக்கு எல்லாம் தெரியும்னு நெனச்சேன்."

டெல்ஃபினா மகள் முன்னால் அழக்கூடாது என்று பல்லைக் கடித்தாள். வெள்ளித்தாள், பூட்டு, வெயில் என்று மூன்று நாளாக அந்த ஆள்மேலேயே கண் வைத்திருந்தாள். அவரோ, இட்ஸெலின் வாயை அடைக்க எடுத்தது டெல்ஃபினாவின் பெயரை.

போனை எடுத்தாள். நாளைக் காலையில் போலீசுக்கு, திட்ட அலுவலகத்துக்கு, அந்த நாற்காலியைப் பற்றியும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் இது. பழைய செய்தியை அழித்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. பதினாலு கட்டைவிரலுக்குக் கீழே போன வாரம் புதிதாக யாரோ ஒரு அம்மா எழுதியிருந்தாள், 'நன்றி, இதைப் பார்த்துத்தான் என் மகளை அடுத்த மாதம் சேர்க்கிறேன்' என்று. அழிக்கவில்லை. அதற்குக் கீழேயே எழுதினாள். எழுதிவிட்டு அனுப்ப விரல் வரவில்லை. மூன்று முறை படித்தாள், எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது.

"என்னம்மா எழுதியிருக்கே?"

"நீயே படி. தப்பு ஏதாவது இருக்கான்னு பாரு."

இட்ஸெல் போனை வாங்கி, மடியில் வைத்து, அவர் சொல்லிக்கொடுத்திருந்தபடி ஒவ்வொரு வரிக்கும் கீழே விரலை ஓட்டிக்கொண்டு, சத்தமாகப் படித்தாள்.

"நான் டெல்ஃபினா. மிஸ்டர் வெஸ்ஸின் அட்டையைப் பார்த்தேன் என்று போன நவம்பரில் எழுதினேன். அட்டையைத்தான் பார்த்தேன், எண்ணைச் சோதிக்கவில்லை. இன்றைக்குச் சோதித்தேன். முடக்கப்பட்டிருக்கிறது. என் வார்த்தையை நம்பி யாரும் பிள்ளையை அங்கே அனுப்ப வேண்டாம். உங்கள் பிள்ளைகளிடம் இன்றைக்கே கேளுங்கள். நான் என் மகளிடம் இன்றைக்குத்தான் கேட்டேன்."

ஓர் இடத்தில்கூட அவளுக்குத் தடுக்கவில்லை. "தப்பு ஒண்ணும் இல்லம்மா" என்று சொல்லி, போனை அம்மாவிடம் நீட்டினாள்.